ராசியான கையும் காய்ந்த கொல்லையும்

ஆடி பிறந்து பதினைந்து நாளாக வானத்தைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். வியாழக்கிழமை சாயங்காலம் ஏம்பலத்தில் ஒருவழியாக ஒரு மணி நேரம் கொட்டியது. எங்கள் அரைக்காணி மேட்டுக்கொல்லைக்குக் கிணறும் கிடையாது, போரும் கிடையாது. மேலேயிருந்து விழுந்தால்தான் தண்ணீர்.

கோடையிலேயே சரிவுக்குக் குறுக்கே உழ வைத்திருந்தேன். "நீட்டுவாக்குல ஓட்டுனா சட்டுனு முடியும். குறுக்கால ஓட்டுனா நூறு தடவ திருப்பணும்" என்று டிராக்டர் ஓட்டும் வீரப்பன் முணுமுணுத்துக்கொண்டேதான் ஓட்டினார். ஆனால் பெய்த மழை ஒவ்வொரு சாலிலும் நின்று உள்ளே இறங்கியது. போன வருஷம் வரைக்கும் எங்கள் மழையெல்லாம் கீழண்டை தணிகைவேல் வயலுக்குத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அந்த மனுஷர் ஒரு நன்றிகூடச் சொன்னதில்லை.

இந்த வருஷம் எப்படியாவது மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விளைந்தாக வேண்டும். மூன்று வருஷமாகப் போட்ட விதைகூடத் திரும்பவில்லை. "இந்த வாட்டியும் போச்சுன்னா சவுக்கு வெச்சிடுவேன், யாரும் இன்னான்னு கேக்கக்கூடாது" என்று என் வீட்டுக்காரர் பலராமன் பொங்கலன்றே சொல்லிவிட்டார். சவுக்கு வைத்துவிட்டால் நாலைந்து வருஷத்துக்கு எனக்கு அங்கே வேலையே இல்லை. அந்த மண்ணில் குனிந்து வேலை செய்ய எனக்குப் பிடிக்கும். அவருக்குக் கம்பெனி வாட்ச்மேன் உத்தியோகம் இருக்கிறது. எனக்கு அந்தக் கொல்லைதான் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலையில் மண்ணில் விரலை விட்டுப் பார்த்தேன். மேலேயே ஈரம், பிடித்தால் உருண்டையாக நின்றது. ஒரு மாதமாகக் கையால் உரித்து வைத்த மல்லாட்டைப் பருப்பில் வேளாண் ஆபீசில் கொடுத்த மருந்தைக் கலந்து நிழலில் உலர்த்தினேன். மருந்து கலந்த விதையை ஒரு நாளுக்குள் மண்ணில் போட்டுவிட வேண்டும் என்று அங்கே படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். மறுநாள் விதைப்பு என்று எப்போதும் கூலிக்கு வரும் செங்கமலத்திடமும் ஆரோக்கியசெல்வியிடமும் சொல்லி வைத்தேன்.

எங்கள் வீட்டில் முதல் விதை என் நாத்தனார் தையலம்மாள் கையால்தான் விழ வேண்டும். நெட்டப்பாக்கத்தில் வாழ்க்கைப்பட்டவர். ராசியான கையாம். அந்தக் கை போட்டும்தான் கடைசி மூன்று வருஷமும் ஒன்றும் விளையவில்லை. அதை என் வீட்டுக்காரரிடம் கேட்டால், "அக்கா கை இல்லன்னா இன்னும் மோசமாப் போயிருக்கும்" என்பார். இதற்கு மேல் என்ன பேசுவது?

தையலம்மாள் அண்ணி சனிக்கிழமை விடியற்காலையில் வருவதாக இருந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானமே அவர் மகள் வெண்ணிலாவுக்கு வலி கண்டு பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். சாயங்காலம் பெண் குழந்தை. எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் இவர் சர்க்கரையை வாயில் போட்டுக்கொண்டே, "அக்காவுக்குத் தீட்டு. பதினோரு நாள் கழிச்சி வெதைக்கலாம்" என்றார்.

"கொல்ல பதினோரு நாள் ஈரத்தோட காத்துக்கினு இருக்குமாங்க?"

"முப்பது வருச வழக்கத்த உனுக்காவ மாத்த முடியுமா?"

நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலையில் அவர் குழந்தையைப் பார்க்க பைக்கில் கிளம்பினார். பைக் சத்தம் அடங்கியதும் நான் விதைக்கூடையைத் தூக்கினேன். ஈரம் விரலளவு கீழே போயிருந்தது. நானே முதல் குழியைக் கொத்தி முதல் விதையைப் போட்டேன். பிறகு செங்கமலமும் ஆரோக்கியசெல்வியும் நானும் நிமிராமல் போட்டோம். பாதிக் கொல்லை முடிந்தபோது பைக் வந்து நின்றது.

"மொத வெதைய யாரு போட்டது?"

"நான்தான்."

அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. கூடையை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். ஆளுக்கு ஒரு பக்கம் களைக்கொத்தோடு நாங்கள் மூவரும் முழித்துக்கொண்டு நின்றோம். குழந்தையைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு வந்த கையால் அவர் விதைக்கூடையைத் தொடலாமாம். வரும் வழியில் குளித்துவிட்டாராம். அவருக்குத் தீட்டு ஒரு சொம்புத் தண்ணீரில் போகும், அக்காவுக்கு மட்டும் பதினோரு நாள்!

ஞாயிற்றுக்கிழமை அவருக்கு ஒரு யோசனை வந்தது. அக்கா போனில் வீடியோ கால் வந்து கையைக் காட்டினால் போதாதா? போன் வழியாகத் தீட்டு வருமா வராதா என்று கேட்கக் கோயிலுக்குப் போனார். பூசாரி மஞ்சள் நீராட்டு விழாவுக்குப் போயிருந்தார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டார் என்பது இதுதான். பூசாரி ராத்திரி வந்து, தீட்டு வராது, ராசி வரும் என்று தீர்ப்புச் சொன்னார். திங்கட்கிழமை ஒன்பது மணி வரை ராகுகாலம். அதுவும் கழிந்து, வெயில் சுள்ளென்று ஏறிய பிறகு, இவர் போனைக் கூடைக்கு மேலே பிடித்தார். ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து அண்ணி கையை நீட்டினார்.

"கொஞ்சம் கீழ எறக்குக்கா. வெதைக்கு நேரா வரல."

"டேய், எனுக்கு வேற வேல இல்லியா? கொழந்த அழுவுது!"

ஈரம் நாலு விரல் கீழே போயிருந்தது. மருந்து கலந்து மூன்று நாளான விதை. கோபத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அழுதுகொண்டேதான் மீதிப் பாதியையும் போட்டேன்.

அதற்கப்புறம் மழை இல்லை. எட்டாம் நாள், சனிக்கிழமை விதைத்த பாதி, மண்ணைப் பிளந்துகொண்டு வரிசை வரிசையாக வெளியே வந்தது. அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன. திங்கட்கிழமைப் பாதிக்கு இன்னும் மூன்று நாள் பொறுத்தேன். இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தலைகாட்டியதோடு சரி. நடுவில் வரப்புகூட இல்லை. ஒரே மண், ஒரே விதை, ஒரே மழை. சின்னப்பிள்ளைக்குக்கூடப் புரியும் என்று நினைத்து அவரைக் கூட்டிக்கொண்டு போனேன்.

அவர் இரண்டு பக்கமும் நடந்தார். குனிந்து பார்த்தார்.

"சவுக்கு வேணாம்" என்றார்.

எனக்கு உயிர் வந்தது. "இப்பவாவது புரிஞ்சிதா?" என்றேன்.

"புரிஞ்சிது கல்பனா. போன்ல ராசி வராது. அது மட்டுமில்ல, அக்கா கையவிட உன் கைதான் ராசி. இனிமே மொத வெத நீதான். உன் கை படாம இந்தக் கொல்லையில ஒரு வெத வுழக்கூடாது."

"ஈரங்க! ஈரத்துல போட்டதால மொளைச்சுது! கைக்கும் அதுக்கும் இன்னா சம்பந்தம்?"

"எல்லாத்துக்கும் சண்ட போடாத. ஐப்பசியில உளுந்து போடணும். அப்ப உங்கம்மா வூட்டுக்கு அது இதுன்னு எங்கயும் கெளம்பிடாத."

அங்கேயே நின்று அக்காவுக்குப் போன் போட்டு இந்த நல்ல சேதியையும் சொல்லிவிட்டு, போனை என்னிடம் நீட்டினார். அண்ணிக்கு மனசு வருத்தப்படுமே என்று தயங்கித்தான் வாங்கினேன். அந்தப் பக்கம் அவர் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

"மாட்டிக்கினியா? மழ பொய்ச்ச வருசமெல்லாம், தம்பி குடும்பம் என் கையாலதான் கெட்டுதோன்னு படுத்தா தூக்கம் வராதுடி எனுக்கு. முப்பது வருசம். இன்னிக்குத்தான் எறக்கி வெச்சேன். இனிமே நீ முழிச்சிக்கினு கெட."

போனைத் திருப்பிக் கொடுத்தேன். இத்தனை நாளாக இருந்த கோபம் போய், முதல் தடவையாக எனக்குப் பயம் வந்தது. இந்தப் பயிருக்குப் பத்து நாளுக்குள் இன்னொரு மழை வேண்டும். அண்ணாந்து பார்த்தேன். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.