ஒருத்தர் பேசினா ஒருத்தர் கேக்கணும்

"பொத்தானை அழுத்திட்டுப் பேசுங்கம்மா. பேசி முடிச்சதும் விட்டுடணும். விட்டாத்தான் அவங்க பேசறது நமக்குக் கேக்கும்."

முகாம் காவலர் மறுபடியும் சொன்னார். அவள் வாக்கி டாக்கியை இரண்டு கையாலும் பிடித்து, அழுத்தி, "அண்ணி" என்றாள். விட்டாள். கரகரவென்று இரைச்சல் வந்தது. அதற்குள்ளிருந்து நாத்தனாரின் குரல் பாதி வாக்கியத்தில் வெளியே வந்தது. இவள் கூப்பிட்டது அங்கே போய்ச் சேரவே இல்லை.

அவள் கணவர் காலையில் ஏரிக்கரையில், மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். டீ கேட்டிருந்தார். காற்றில் ஸ்டவ் அணைந்து அணைந்து போனது. ஒரு வழியாகப் பற்றவைத்துத் திரும்பினால், தலை சாய்ந்திருந்தது. கேட்டுவிட்டுத் தூங்குகிறாரே என்று நன்றாகத் திட்டினாள். இதைத்தான் அவர் கடைசியாகக் கேட்டாரா, இல்லை அதுவும் கேட்கவில்லையா என்று தெரியவில்லை.

மின்கம்பம் ஏறும் லைன்மேனாக இருந்தவர். ஊர் முழுக்க வெளிச்சம் போட்டவருக்கு வருஷத்தில் இரண்டு நாள் கரண்ட் இல்லாத இடத்தில் படுக்க வேண்டும். இந்தக் காட்டு முகாமில் ஒரு ஒயர் கிடையாது, ஒரு குழாய் கிடையாது, போனுக்கு சிக்னல் கிடையாது. வேலையை விட்ட பிறகாவது இந்தக் கூத்து ஒழியும் என்று பார்த்தாள். ஒழியவில்லை. இந்தத் தடவை அவருடைய அக்காவும் சேர்ந்து கிளம்பினாள், தம்பியை இவள் சரியாகக் கவனிக்கிறாளா என்று பார்க்க.

காவலர்தான் ஆம்புலன்ஸை வரவழைத்தார். வந்தவர்கள் நாடி பார்த்தார்கள், உதட்டைப் பிதுக்கினார்கள். அவர் வாயோரத்தில் வழிந்திருந்ததைத் துடைக்கத் தண்ணீர் வேண்டும். குழாய் இருந்தால் நாலு அடி. இங்கே சரிவில் இறங்கி ஏரிக்குப் போக வேண்டும். அவள் குடத்தோடு மேலே ஏறி வந்தபோது ஆம்புலன்ஸின் கதவு சாத்தியிருந்தது. ஒரு ஆளுக்குத்தான் இடமாம். அதில் அண்ணி உட்கார்ந்திருந்தாள். கையைத் தட்டிக் கூப்பிடுவதற்குள் வண்டி மரங்களுக்குள் திரும்பிவிட்டது. வழிகாட்டப் போன முகாம் ஜீப் திரும்பி வந்தால்தான் இவளுக்கு வண்டி. இவர்கள் வந்த வேன் பக்கத்திலேயே நிற்கிறது. ஓட்டத் தெரிந்தவர் அதோ போகிறார்.

இப்போது ஆம்புலன்ஸ் கீழே காட்டு வாசலில் நிற்கிறது. ஆஸ்பத்திரியில் இறப்பை எழுதி வாங்கியதும் எந்த வீட்டுக்குக் கொண்டுபோவது என்று டிரைவர் கேட்கிறாராம். அங்கிருக்கும் காவலரின் கருவியை வாங்கி அண்ணி பேசிக்கொண்டிருந்தாள். தன் வீட்டில் லிஃப்ட் இருக்கிறது, நாலு பேர் வந்தால் நிற்க இடம் இருக்கிறது, கார் நிறுத்தலாம். தம்பி வீடோ மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது, அந்தக் குருவிக்கூட்டுக்கு யார் தூக்கிக்கொண்டு ஏறுவது? மூச்சு விட நிறுத்தியபோது இவள் பாய்ந்து அழுத்தினாள்.

"அந்தப் படியிலதான் அவர் தினம் ஏறினாரு, அண்ணி. நம்ம வீட்டுக்குத்தான் வரணும்."

விட்டாள். நாத்தனார் லிஃப்டைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அந்தம்மா விடவே மாட்டேங்கறாங்க" என்றார் காவலர் சங்கடமாக.

"எந்த நாள் விட்டாங்க?"

கல்யாணமான நாளிலிருந்து இரண்டு பேரும் ஒரே நேரத்தில்தான் பேசினார்கள். ஒருத்தி பேச்சின் மேல் இன்னொருத்தி ஏறி, நடுவில் அவர் சோற்றைப் பிசைந்துகொண்டு இருப்பார். ஒரு நேரத்தில் ஒரு ஆள்தான் என்று இந்தக் கருவி இப்போது வந்து சட்டம் பேசுகிறது. அவளுக்கு அதை ஏரியில் எறிய வேண்டும்போல் இருந்தது.

மறுபடி இடைவெளி வந்தது. அழுத்தினாள்.

"உங்க வீட்டுக்குப் போனா அவர் விருந்தாளி. அதைத்தான் சொல்றேன். அவரை விருந்தாளியா படுக்க வைக்காதீங்க."

விட்டாள். இரைச்சல். கேட்டதா என்று தெரியவில்லை. காவலர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஆம்புலன்ஸின் இன்ஜின் சத்தம் மட்டும் வந்தது. அண்ணி பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கிறாள், ஆனால் பேசவில்லை. மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அப்புறம், கொஞ்சம் தள்ளி, வேறு யாரிடமோ பேசுகிற குரல்.

"என் வீடு இல்லப்பா. தம்பி வீட்டுக்கு. மார்க்கெட் தாண்டி ரெண்டாவது சந்து. நீலக் கேட்டு."

இவள் அழுத்தினாள். "நீலம் இல்ல அண்ணி, பச்சை."

"அவங்களுக்குக் கேக்காதும்மா. அங்க பொத்தான் அமுங்கியே இருக்கு" என்றார் காவலர்.

அவள் தலையாட்டினாள்.

"பச்சை. போன மாசம்தான் அடிச்சாரு."

"மூணாவது மாடி" என்றது அண்ணியின் குரல், டிரைவரிடம். "லிஃப்ட் கிடையாது. ரெண்டாவது திருப்பத்துல கைப்பிடிக் கம்பி நீட்டிட்டு நிக்கும், கால் இடிச்சுக்கும்."

"சுவத்தோரமாப் பிடிக்கச் சொல்லுங்க" என்றாள் அவள், கருவியை வாயருகே வைத்துக்கொண்டு. "சுவத்தோரமா."