கருகிய கசகசா

அன்று காலை ஆய்வுக்கூடத்தில் இருந்தவர்கள்: மையத்தின் இயக்குநர் மாதவி. பேராசிரியர் ராம்ப்ரசாத், இஸ்திரி கலையாத புதுச் சட்டையில். அவருடைய ஆய்வு மாணவி சுஷ்மிதா. தெலுங்குப் பத்திரிகைக்காரர்கள் இரண்டு பேர். கூடத்தைத் திறந்து மூடும் சின்னப்பன். கடைசியாக நான், தனசேகர். என்னை யாரும் அழைக்கவில்லை.

ஸ்ரீசிட்டியில் செல்போன் பாகங்கள் செய்யும் கம்பெனியில் இரவு ஷிப்டு முடித்து, தடாவில் பஸ் பிடித்து நேராகத் திருப்பதிக்கு வந்திருந்தேன்.

"இன்னாபா, கண்ணு ரெண்டும் உள்ள போய்க்கினு கீது. எதுனா துன்னியா?" என்றார் சின்னப்பன் வாசலில்.

"அப்புறம் துன்னுக்கலாம்ணா. முதல்ல இவரு பேசறத கேக்கணும்."

"கேட்டுட்டு கம்முனு போய்டு. வம்பு வேணாம்."

நான் வம்புக்குத்தான் வந்திருந்தேன்.

முன்பு இதே கூடத்தில் நானும் ஆய்வு மாணவன். கார்வேட்டிநகரத்துக்கு அப்பால் ஒரு மேட்டைத் தோண்டினோம். மூவாயிரம் வருடத்துக்கு முன் அங்கே வாழ்ந்தவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று கண்டுபிடிப்பது என் வேலை. தோண்டிய மண்ணைத் தண்ணீர்த் தொட்டியில் கொட்டிக் கலக்க வேண்டும். மண் அடியில் தங்கும். அந்தக் காலத்து அடுப்பில் கருகிய விதைகள் கரித்தூளோடு மிதக்கும். துணியில் வடித்து, நிழலில் உலர்த்தி, நுண்ணோக்கியில் பொறுக்கினால் இது கொள்ளு, இது பாசிப்பயறு, இது சாமை என்று தெரியும். பச்சையாகக் கிடந்தது எப்போதோ மக்கிப் போயிருக்கும். கருகியதுதான் மிஞ்சும். சேற்றுத் தண்ணீரில் நின்று என் கால் விரல் இடுக்கெல்லாம் புண். ராம்ப்ரசாத் மேட்டுக்கு வந்தால் காரை விட்டு இறங்க மாட்டார்.

கட்டுரையில் என் பெயர் முதலில் வர வேண்டும் என்று கேட்டேன். இவன் மாதிரிகளை மாற்றிக் கலந்துவிடுகிறான், நம்ப முடியாது என்று அவர் குழுவிடம் சொன்னார். உதவித்தொகை நின்றது. நான் வெளியேறினேன். சித்தூர் வீட்டில் நைனா வெகுநாள் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. தண்ணீரில் போடாமல் மீதி இருந்த என் மண் மூட்டைகள் சுஷ்மிதாவிடம் போயின.

அவற்றில் மூன்று மூட்டைகளில் கசகசா இருந்தது. போட்டவன் நான். அது திருட்டுத்தனம் இல்லை. இந்தத் துறையில் வழக்கமாகச் செய்யும் சோதனை. அந்த இடத்தில் பழங்காலத்தில் இருந்திருக்க வாய்ப்பே இல்லாத விதையாகப் பார்த்துக் கருக்கி, எண்ணி, மண்ணில் கலந்துவிடுவோம். ஐம்பது போட்டு நாற்பது திரும்ப வந்தால், நம் கைவேலை பரவாயில்லை என்று அர்த்தம். அடையாளத்துக்கு அந்த மூட்டைகளின் வாயில் சிவப்பு நூல் கட்டியிருந்தேன். ராம்ப்ரசாத்திடம் சொல்லப் போனபோது அவர் போனில் யாரோடோ சிரித்துக்கொண்டிருந்தார். "சரி சரி, பண்ணு" என்று கையை ஆட்டினார். நான் போன பிறகு மண்ணை டப்பாக்களுக்கு மாற்றி, மூட்டைகளின் எண்ணையே அவற்றிலும் ஒட்டினார்கள் என்று சின்னப்பன் சொல்லித் தெரியும். நூல் குப்பைக்குப் போனது. என்னை ஒருவரும் எதுவும் கேட்கவில்லை.

'மூவாயிரம் வருடத்துக்கு முன்பே நம் மண்ணில் கசகசா!' பத்திரிகையாளர் கூட்டத்துக்கான அறிவிப்பைக் கம்பெனி கேண்டீனில் போனில் பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் நிறுத்தியிருப்பார். சொல்லவில்லை. ஊரறிய வாயைத் திறந்து சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

சொன்னார். அன்று கூடத்தில் நின்று பழங்கால வைத்தியம் என்றார், கடல் வாணிபம் என்றார், வரலாற்றையே திருத்த வேண்டும் என்றார். பத்திரிகைக்காரர்கள் படம் எடுத்தார்கள். நான் கையைத் தூக்கினேன்.

"ஒரு சந்தேகம் சார்."

"நீயா? இவனை யாரு உள்ளே விட்டா? சின்னப்பா!"

"கேள்விதானே, கேக்கட்டும்" என்றார் மாதவி.

"கசகசா எந்தெந்த டப்பாவுல கெடச்சுது சார்?"

"அதெல்லாம் கட்டுரையில வரும். ஆராய்ச்சிக்குப் பொறுமை வேணும். அது உனக்கு என்னைக்குமே கிடையாது."

"அப்போ நான் சொல்றேன். ஏழு, பத்தொம்பது, முப்பத்தொண்ணு. வேற எதுலயும் ஒண்ணு கூட இருக்காது. அந்த மூணுலயும் டப்பாவுக்கு அம்பதுக்கு மேல போவாது. சரியாம்மா சுஷ்மிதா?"

அவள் கணினியைப் பார்த்தாள். பிறகு இன்னொரு தடவை பார்த்தாள். "அவுனு மேடம்" என்றாள். ஆமாம் என்று சொல்ல அவளுக்குத் தெலுங்குதான் வந்தது.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் மாதவி.

"போட்டதே நான்தான் மேடம், சோதனைக்கு. சித்தூர் மார்க்கெட்டுல வாங்கி எங்க வீட்டு வாணலியில கருக்கினது. சார்கிட்ட அப்பவே சொல்லிட்டேன்."

"குருமாவுக்கு அரைக்கற கசகசாவா?" என்றார் ஒரு பத்திரிகைக்காரர். மற்றவர் சிரிப்பை அடக்கவில்லை.

"பார்த்தேளா மேடம்! மாதிரியைக் கெடுத்தேன்னு அவனே ஒத்துண்டுட்டான்!" என்றார் ராம்ப்ரசாத்.

"சோதனை விதை எல்லாரும் போடறதுதான் ராம்ப்ரசாத். நீங்க காலத்தை எதை வெச்சுக் கணிச்சீங்க?"

"அதே அடுக்குல இருந்த கொள்ளை வெச்சு."

"கசகசாவையே கணிப்புக்கு அனுப்பலையா?"

"ஒரே அடுக்குதானே மேடம்..."

"அனுப்பினீங்களா, இல்லையா?"

அவர் கண்ணாடியைக் கழற்றிப் புதுச் சட்டையில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்கு இனித்தது.

செய்தியை இப்போதைக்குப் போட வேண்டாம் என்று மாதவி பத்திரிகைக்காரர்களைக் கேட்டுக்கொண்டார். "நான் அப்பவே ஆபீசுக்கு அனுப்பிட்டேனே மேடம். இப்ப இதையும் அனுப்பணும்" என்றார் குருமாக்காரர், போனிலிருந்து தலையை எடுக்காமல். விசாரணை முடியும்வரை கூடத்தைப் பூட்டும்படி சின்னப்பனிடம் சொல்லிவிட்டு, மாதவி எல்லோரையும் வெளியே போகச் சொன்னார்.

தாழ்வாரத்தில் சுஷ்மிதா என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அண்ணா, அந்தக் கட்டுரையில என் பேரும் கீது. உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எனக்கு ஒரு போன் பண்ணிருக்கலாம்ல?"

"பண்ணிருந்தா நீ அவருக்கு சொல்லிருப்ப."

"சொல்லிருப்பேன்தான்" என்றாள். "எங்கம்மா காணிப்பாக்கத்துல பேப்பர் கடைக்காரன்கிட்ட நாளைக்கு நாலு பேப்பர் எடுத்து வெக்க சொல்லிக்கினு கீறாங்க."

அவளையும் சேர்த்துத்தான் அடித்தேன். வேறு வழியில் அந்த அடி அவர்மேல் விழுந்திருக்காது.

ராம்ப்ரசாத் இன்னும் உள்ளே இருந்தார்.

"ஒரு நிமிஷம்பா, டப்பாவையெல்லாம் ஒருதரம் பார்த்துட்டு..."

"மேடம் சொல்லிட்டாங்க சார். வாங்க" என்றார் சின்னப்பன்.

நான் நகராமல் நின்றேன். என்னைத் தாண்டித்தான் அவர் போக வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தார். சின்னப்பன் கதவை இழுத்துச் சாத்தி, பூட்டைப் போட்டு, ஒருமுறை இழுத்துப் பார்த்தார். பிறகு சாவியை மாதவியின் கையில் கொடுத்தார்.