சிலைக்கு வைத்த பல்வரிசை

காதலன் கைபட்ட கலையைக் காலம் தொடுவதில்லை. பல்செட்காரர் வீட்டுக் கூடத்தில் இருக்கும் சிலையை மட்டும் தொட்டிருக்கிறது. மாப்பிள்ளை ஃபிரிட்ஜை நகர்த்தியபோது இடித்து, சிலையின் மூக்கு நுனி போனது. அதனால் சிலைக்கு ஒரு தொன்மை வந்துவிட்டதாக மாப்பிள்ளையே விளக்கமும் சொன்னார். வருகிற விருந்தாளிகளை எல்லாம் அதன் முன் நிறுத்தி, "எங்க மாமா உளியைப் பிடிக்கலை, உள்ளத்தைப் பிடிச்சார்" என்று ஆரம்பிப்பார். அவர்கள் கையிலிருக்கும் காபி ஆறும்வரை முடிக்க மாட்டார்.

மாமா பிடித்தது மெழுகுக் கத்தி. பல் மருத்துவமனையின் மாடியில் பல்செட் கட்டும் வேலை அவருக்கு. எதிர்க் கட்டடத்தில், ஜன்னலோரம், டைப்ரைட்டருக்குப் பின்னால் அவள். வரி முடிந்து அதன் மணி அடிக்கும்போதெல்லாம் இவர் தலை நிமிரும். அச்சு வார்த்து மிஞ்சிய பிளாஸ்டர் மாவில் அவள் முகத்தை மாலை மாலையாகச் செதுக்கினார். நெற்றி வந்தது, கன்னம் வந்தது, காதோரத்து முடிகூட வந்தது. வாய்க்கு வந்தபோதுதான் வில்லங்கம். அவள் எப்போது சிரித்தாலும் கையால் வாயைப் பொத்திக்கொள்வாள். ஊரார் பல்லைப் பார்த்துப் பிழைக்கிற மனிதர், காதலித்தவளின் பல்லைத்தான் பார்த்ததில்லை.

அலமாரியில் மேல்வரிசைப் பல்செட் ஒன்று கிடந்தது. ஒரு லாரி டிரைவருக்காகக் கட்டியது. மெழுகில் அடுக்கிப் பொருத்திப் பார்த்த அன்று அந்த மனிதர் கண்ணாடியை விட்டு நகராமல், மீசையைத் தூக்கித் தூக்கிச் சிரித்தார். செட் தயாரான பிறகு வாங்க வரவேயில்லை. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்கிற கதையாக, அந்தப் பல்வரிசை சிலையின் வாய்க்குப் போனது.

சிலையைப் பார்த்தவள் அழுதாள். இரண்டு வீட்டுப் பெரியவர்களும் மசிந்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகுதான் அந்தக் கையை விலக்கிப் பார்த்தார். இடது பக்கம் ஒரு தெத்துப்பல். கோபம் வந்தால் கீழுதட்டைக் கவ்வும். பொய் சொன்னால் முதலில் எட்டிப் பார்க்கும். அந்த ஒற்றைப் பல்லுக்கு அவர் ஆயுளுக்கும் அடிமையானார். ஆனால் வாயைத் திறக்கவில்லை. திறந்தால், சிலையில் இருப்பது யாருடையது என்ற கேள்வி வரும்.

இப்போது அவளுக்குப் பல் முழுவதும் போய்விட்டது. கட்டிக்கொடுக்க ஆள் வீட்டிலேயே இருக்கிறார். பின்னறை மேஜையில் உட்கார்ந்து, ஞாபகத்திலிருந்து அந்தத் தெத்துப்பல்லை மெழுகில் சாய்த்து வைத்தார். விட்டுப்போன உறவு வீடு திரும்புகிற மாதிரி இருந்தது அவருக்கு.

அவள் பொருத்திக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தாள். கை தானாக வாய்க்குப் போனது.

"என்னங்க, கோணலா இருக்கே."

"உனக்கு அப்படித்தானே இருந்துச்சு. நல்லாத்தான் இருக்கும்."

"நல்லா இருந்தா சிலைல எதுக்கு நேராக்கினீங்க?"

அவர் சுத்தமாக இருந்த கத்தியை மறுபடி துடைத்தார்.

"என் கோணல் உங்க கண்ணுலயே படலைன்னுதான் அன்னிக்கு உங்களைக் கட்டிக்கிட்டேன். வயசானா கண்ணு மங்கும்பாங்க. உங்களுக்குத் தெளியுதாக்கும்."

உண்மையைச் சொன்னால் தெத்துப்பல் கிடைக்கும். ஆனால் சிலை போய்விடும். அதோடு, இத்தனை வருஷமாக அவள் நம்பியிருந்த அந்தக் கண்ணும் போய்விடும்.

"சரி, சிலைல இருக்கிற மாதிரியே வச்சிடறேன்."

சிலையின் வாயில் அச்சு எடுத்து, ஒரு பல் பிசகாமல் அடுக்கினார். அவள் போட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். காலத்தை வென்ற காதல் என்று மாப்பிள்ளை தொடங்கினார். எல்லோர் முன்னாலும் முதல் முறையாக அவள் வாயைப் பொத்தாமல் சிரித்தாள்.

அவரும் சிரித்துவைத்தார். அவள் சிரிக்கும்போதெல்லாம் இப்போது அவருக்கு அந்த லாரி டிரைவரின் ஞாபகம் வருகிறது.