இராமையா பார்த்த சிம்பன்சி

சுதர்ஷினியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் நிறுத்தினாள் பேச்சியம்மா. முன்பக்கம் சாவுக்கான தப்புமேளம் முழங்கியது. வாசலில் சுதர்ஷினியின் அப்பா இராமையா மாலையோடு படுத்திருந்தார்.

"ஒப்பாரி எடுக்கப் போறேன். அதுக்கு முன்ன ஒண்ணு சொல்லு. ஒங்கப்பா ஆப்பிரிக்காவுல அந்தப் பெரிய கொரங்கப் பாத்தாரா, இல்லயா?"

சுதர்ஷினி முன்பக்கத்தை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

இலங்கையில் வட்டவளைப் பக்கத்து அந்தத் தேயிலைத் தோட்டத்தில் ஒப்பாரி என்றால் பேச்சியம்மாதான். ஒருமுறை, "சாராயமே தொடாத சாமி" என்று ஒரு மொடாக்குடியரைப் பாடித் தொலைத்தாள். தப்படித்தவர்களே சிரித்துவிட்டார்கள். அன்றிலிருந்து விசாரிக்காமல் அவள் வாய் திறப்பதில்லை. அவள் பாடிவிட்டால் தோட்டத்தில் அதற்கு மறுபேச்சும் இல்லை.

ருவாண்டாவில் தேயிலை ஃபெக்டரி வேலையில் இருக்கும் மருமகன், சுதர்ஷினியின் புருஷன், போன வருஷம் மாமனாரை அங்கே அழைத்து, அவளோடு மழைக்காட்டுப் பூங்காவுக்கும் கூட்டிப்போனான். திரும்பி வந்த மனுஷன் அளந்தது கொஞ்சநஞ்சமில்லை. சிம்பன்சி குட்டியை முதுகில் சுமந்ததாம். இவரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியதாம். கூட்டாளி ஆண்டியப்பன் இன்று காலையிலும் அதைச் சொல்லிச் சொல்லித்தான் அழுதார்.

அப்பாவைப் புளுகர் என்று ஊர் சிரிக்க அனுப்பி வைக்க சுதர்ஷினிக்கு மனமில்லை. பேச்சியம்மா அத்தையிடம் பொய் சொல்லவும் வாய் வரவில்லை.

"பாக்கல அத்தை."

"ம்."

"காட்டுக்குள்ளயே வரல. காட்ட ஒட்டித் தேயில மலை. அங்க செடிக் கொப்ப நறுக்கிக் கவ்வாத்து வெட்டிக்கிட்டு இருந்தாங்க. 'என்னா இது, செடிய இப்பிடிக் கொதறுறானுங்க'ன்னு வேன விட்டு எறங்கிட்டாரு. பாஷை தெரியாது, ஒண்ணுந் தெரியாது. ஒருத்தன்கிட்ட கத்திய வாங்கி வெட்டிக் காட்டுறாரு. நாங்க நாலு மணித்தியாலம் நடந்து கொரங்கப் பாத்துட்டு வாறோம், இவரச் சுத்திப் பத்துப் பேரு நிக்கிறாங்க. வேனுல வாற வழியெல்லாம் கொரங்கு எப்பிடின்னு என்னயப் போட்டுக் கொடஞ்சாரு. நான் சொன்னதத்தான் இங்க சொன்னாரு."

பேச்சியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பில் தோள் குலுங்கியது.

"முப்பது வருஷம் கவ்வாத்து வெட்டுன கை. சும்மா இருக்குமா? சரி, காட்டோரந்தான நின்னாரு?"

"ஆமா."

"நாலு மணித்தியாலமும்?"

"ஆமா அத்தை."

"அது போதும்."

முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு விறுவிறுவென்று முன்பக்கம் நடந்தாள். சுதர்ஷினி பயந்துகொண்டே பின்னால் போனாள். பெண்கள் வட்டம் கட்டினார்கள்.

"கடல்தாண்டிப் போயுங்கூட
கவ்வாத்த மறக்கலையே,
காட்டுக் கொரங்கெல்லாம்
கண்ணாரப் பாத்திருக்கும்
ஒங்க கைவெட்டு அழகத்தான்,
என்னப் பெத்த ஐயாவே..."

தப்பு ஓர் அடி தவறிப் பிடித்துக்கொண்டது. சிரிப்பதா அழுவதா என்று ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்த்தார்கள்.

"பாத்திருக்கும், பாத்திருக்கும்," என்றார் ஆண்டியப்பன், துண்டால் மூக்கைத் துடைத்தபடி.

சுதர்ஷினிக்கு அப்பா மேல் அப்படியொரு பாசம் பொங்கியது. வட்டத்தில் ஒருத்தி பாட்டை நிறுத்தாமலே கொஞ்சம் நகர்ந்து இடம்விட்டாள். சுதர்ஷினி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போய் மற்றவர்களோடு தோள் சேர்த்துக் குனிந்தாள்.