நெய்தவர் படம்

"அக்கா, நீங்க கொஞ்சம் எந்திரிங்க" என்றான் புகழேந்தி.

மங்களாம்பிகை தறியிலிருந்து எழுந்தாள். அவள் எழுந்த இடத்தில் அவளுடைய ஓரகத்தி விஜயலட்சுமியை உட்கார வைத்தார்கள். விஜயலட்சுமி தலை நிறையப் பூ வைத்து, காலணா அகலத்துக்குக் குங்குமம் இட்டு, தாலிச் சங்கிலியைப் புடவைக்கு வெளியே எடுத்துப் போட்டிருந்தாள். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் தறிக்குழிக்குள் காலை விட்டதில்லை. இப்போது விட்டவள், விட்ட வேகத்தில் தூக்கிக்கொண்டாள்.

"ஐயோ, உள்ள பூரான் கீரான் இருக்குமாக்கா?"

"இருந்தா அது பாட்டுக்கு இருக்கும். நீ மிதியை மட்டும் அழுத்திடாத, இழை அறுந்து தொலைக்கும்" என்றாள் மங்களாம்பிகை.

விஜயலட்சுமியின் புருஷன் துரைக்கண்ணு கதவோரம் நின்றுகொண்டு, "கொஞ்சம் சிரிடி, ஊரே பாக்கப்போவுது" என்றான். அவள் சிரித்தாள். புகழேந்தி படம் எடுத்தான். ஊடை இழை ஓட்டும் நாடாவை எந்தக் கையில் பிடிப்பது என்று அவளுக்குத் தெரியாததால் மங்களாம்பிகைதான் எடுத்துக் கையில் வைத்துவிட்டாள்.

புகழேந்தி பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையை உதறிவிட்டு வந்தவன். திருபுவனத்து நெசவாளிக்கும் பட்டு வாங்குகிறவர்களுக்கும் நடுவில் தரகனே இருக்கக் கூடாது என்று 'மெய்யிழை' என்ற பெயரில் ஒரு நிறுவனம் தொடங்கியிருந்தான். சாயமெல்லாம் இயற்கைச் சாயம். பெட்டியில் பிளாஸ்டிக் கிடையாது. ஒவ்வொரு புடவையோடும் ஓர் அட்டை போகும். நெய்தவரின் படமும் பெயரும் அதில் இருக்கும். வாங்குகிறவர்களிடம் எதையும் ஒளிக்கக் கூடாது என்பது அவன் கொள்கை. நல்ல பையன்தான், அதில் குறை சொல்வதற்கில்லை. கூலியைச் சொன்ன நாளில் கொடுத்தான், தறிக்கு மேலே ஒழுகின கூரையைக்கூட மாற்றிக் கொடுத்தான்.

முதல் அட்டையில் மங்களாம்பிகையின் படம்தான் இருந்தது. புருஷன் போன பிறகு அவள் எந்தப் படத்திலும் நின்றதில்லை. உறவில் கல்யாணம் நடந்து, போட்டோக்காரர் "குடும்பமெல்லாம் வாங்க" என்று கூப்பிட்டால், அவளுக்கு உடனே பந்தியில் ஏதாவது வேலை வந்துவிடும். அப்படிப்பட்டவள் தறியில் உட்கார்ந்து வாய் கொள்ளாமல் சிரிக்கிற படம் அது. துரைக்கண்ணுவின் செல்போனை வாங்கி வாங்கிப் பார்த்தாள். சந்தோஷமாக இருந்தது, அவ்வளவுதான். இதற்கு மேல் அதில் என்ன இருக்கிறது!

அந்தச் சந்தோஷம் ஒரு மாசம்கூடத் தாங்கவில்லை. சென்னையில் மகளுக்கு முகூர்த்தப் புடவை வாங்கிய ஓர் அம்மாள், அட்டையில் வெறும் நெற்றியைப் பார்த்துவிட்டுப் புடவையைத் திருப்பி அனுப்பிவிட்டாள். பின்னாலேயே இன்னொருத்தியும் அனுப்பினாள். புகழேந்தி தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான்.

"எனக்கு இதுலல்லாம் துளிகூட நம்பிக்கை இல்லக்கா. ஆனா கல்யாணப் புடவை பாருங்க... கஸ்டமர் மனசு ஒண்ணு இருக்குல்ல."

"அதுக்கு ஏன் தம்பி கவலப்படுறீங்க? நம்ம வீட்லயே சுமங்கலி இருக்காளே" என்றான் துரைக்கண்ணு.

"பேர மாத்த வேணாங்க. மங்களாம்பிகைன்னு பேரு கல்யாணத்துக்கு எவ்ளோ பொருத்தம்! போட்டோவ மட்டும் மாத்திக்கலாம்" என்றான் புகழேந்தி.

இப்படியாக மங்களாம்பிகையின் பெயரும் விஜயலட்சுமியின் முகமும் ஒரே அட்டையில் ஏறின. கை யாருடையது என்று போட அட்டையில் இடமில்லை.

அந்த வீட்டில் இது ஒன்றும் புதிதல்ல. முகூர்த்தப் புடவைக்குத் தறியில் பாவு நூல் ஏற்றினால் முதல் இழையைச் சுமங்கலிதான் ஓட்ட வேண்டும் என்று மாமியார் காலத்திலிருந்தே வழக்கம். விஜயலட்சுமி குளித்துவிட்டு வந்து, தறிக்குழிக்கு வெளியே நின்றபடியே குனிந்து, ஒரே ஓர் இழையைக் கோணல்மாணலாக ஓட்டிவிட்டுப் போவாள். அவள் அடுப்படிக்குள் நுழைந்ததும் மங்களாம்பிகை அந்த இழையைப் பிரித்து எறிந்துவிட்டுச் சரியாக நெய்யத் தொடங்குவாள். விஜயலட்சுமிக்கும் இது தெரியும். "என்னக்கா, எடுத்தாச்சா?" என்று உள்ளேயிருந்தே கேட்பாள்.

இந்தச் சமயத்தில்தான் மங்களாம்பிகையின் மகள் அறிவுமதிக்கு வரன் அமைந்தது. மாப்பிள்ளை வீடு திருக்காட்டுப்பள்ளியில். காவிரிப் படுகையில் நிலம், வீட்டு வாசலில் டிராக்டர். மாப்பிள்ளையின் அம்மா கமலவேணி செல்போனில் எல்லாம் பார்ப்பவள். மெய்யிழையின் அட்டையைப் பார்த்துவிட்டு, "கூறைப் புடவைய நாங்க உங்க தறியிலயே எடுத்துக்கிறோம். அட்டையில இருக்கற சின்னவங்க கையால நெய்ஞ்சது, ராசியா இருக்கும்" என்றாள். பெயர் மட்டும் மங்களாம்பிகை என்றிருக்கிறதே என்று சந்தேகம் கேட்டபோது, "தறி அண்ணி பேர்ல இருக்குங்க, அதான்" என்று துரைக்கண்ணு ஒரு போடு போட்டான்.

பெண் பார்க்க வந்த கமலவேணி காரில் ஏறிப் போனதும் மங்களாம்பிகை, புகழேந்திக்குப் போன் போட்டாள்.

"இந்த ஒரு புடவைக்கு மட்டும் என் படத்தப் போடுங்க தம்பி. எம் பொண்ணு கட்டிக்கப்போற புடவை."

"கண்டிப்பா போடணும்க்கா! ஆனா வாங்குறது அவங்க இல்லியா... கல்யாணம் முடியட்டும், உங்களப் பத்தித் தனியாவே ஒரு வீடியோ போட்டுடுவோம்."

துரைக்கண்ணு சுற்றி வளைக்கவில்லை. "பொண்ணு வாழ்க்கை அண்ணி. கொஞ்ச நாளைக்கு வாயத் தொறக்காம இருந்தீங்கன்னா புண்ணியமாப் போவும்."

"நீ நெய்ஞ்சா எனக்குப் போதும்மா. யாரு படம் இருந்தா என்ன?" என்றாள் அறிவுமதி.

"ஒனக்கு ஒண்ணுமில்லடி. எனக்கு இருக்குல்ல" என்றாள் மங்களாம்பிகை. சொல்லிவிட்டுத் தறியில் போய் உட்கார்ந்தாள். அந்தப் புடவையில் அவள் கை ஓர் இடத்திலும் தடுமாறவில்லை. பெற்ற மகள் கட்டிக்கொள்ளப் போகிறதில் போய்க் கோபத்தைக் காட்டுவாளா? கரை வேலை செய்யும்போது மகளின் நிறத்துக்கு இது எடுக்கும், இது எடுக்காது என்று தனக்குத்தானே பேசிக்கொண்டாள்.

தை பிறந்து, அறுப்பு முடிந்த கையோடு திருக்காட்டுப்பள்ளி மண்டபத்தில் கல்யாணம். நெசவாளி வீட்டுக் கல்யாணம் என்று புகழேந்தி கேமராவோடு வந்துவிட்டான். மணமேடைக்கு அழைத்துப் போகும் முன், கூறைப் புடவையைத் தட்டில் வைத்து, பெரியவர்கள் தொட்டு ஆசீர்வாதம் செய்யச் சுற்றிக் கொண்டுவந்தார்கள். தட்டைக் கமலவேணியே ஏந்தி வந்தாள். புடவைமேல் அட்டை நின்றது. "நெய்ஞ்சவங்க சம்மந்தி வீட்டு சின்னவங்க, பாருங்க" என்று ஒவ்வொருவரிடமும் காட்டிக்கொண்டே வந்தாள்.

மங்களாம்பிகை தூண் பக்கத்தில் நின்றிருந்தாள். தட்டு அருகே வந்தது. அவள் கையை நீட்டினாள். கமலவேணி தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"தப்பா நெனச்சுக்காதீங்க சம்மந்தி. நீங்க மனசார ஆசீர்வாதம் பண்ணுங்க, அது போதும். கை வைக்க வேணாம்."

சுற்றி நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். துரைக்கண்ணு, அண்ணியை அங்கிருந்து நகர்த்த ஓர் அடி எடுத்து வைத்தான்.

"சரிங்க சம்மந்தி" என்றாள் மங்களாம்பிகை. குரல் உயரவே இல்லை. "நான் கை வச்ச எடத்த மட்டும் விட்டுட்டு, பாக்கிய அவளக் கட்டிக்கச் சொல்லுங்க."

கமலவேணிக்குத் திக்கென்றது. "கை வச்சிட்டீங்களா? எப்ப? எந்த எடத்துல?"

"கரையில, உடம்புல, முந்தானையில. வேற எங்கயும் வைக்கலைங்க."

கமலவேணி அட்டையைப் பார்த்தாள். பிறகு விஜயலட்சுமியைப் பார்த்தாள். துரைக்கண்ணு மனைவியை முறைத்தான். விஜயலட்சுமி அவனையும் பார்த்தாள், மங்களாம்பிகையையும் பார்த்தாள்.

"நான் போட்டோவுக்குத்தாங்க உக்காந்தேன்" என்றாள். "எனக்கு நாடா பிடிக்கக்கூடத் தெரியாது. அத்தனையும் அக்கா நெய்ஞ்சதுதான்."

மேடையிலிருந்து ஐயர், "நாழியாறது, கூறைய சீக்கிரம் குடுங்கோ" என்று சத்தம் போட்டார். மாற்றுப் புடவை எடுக்க வேண்டுமானால் தஞ்சாவூருக்குப் போக வேண்டும். முகூர்த்தம் அதுவரை நிற்காது. கமலவேணி குரலைத் தாழ்த்தினாள்.

"சரி, ஆனது ஆயிப்போச்சு. இத்தோட விடுங்க. வெளிய ஒருத்தருக்கும் தெரிய வேணாம்."

அதற்குள் அறிவுமதி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து நின்றாள். "அம்மா, நீ எடுத்துக் குடு" என்று இரண்டு கையையும் நீட்டினாள். கமலவேணி கையிலிருந்த தட்டிலிருந்து மங்களாம்பிகை புடவையை எடுத்தாள். அட்டை கீழே விழுந்தது. யாரும் குனிந்து எடுக்கவில்லை. மகள் கையில் புடவையை வைக்கும்போது மட்டும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

புகழேந்தி கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். அவன் முகமெல்லாம் பூரிப்பு.

"அக்கா, பிரமாதம்! கை வச்ச எடத்த விட்டுட்டுக் கட்டிக்கச் சொல்லுங்கன்னீங்களே, அதை மட்டும் இன்னொரு தடவ சொல்லிடுங்க. மேளச் சத்தத்துல சரியாப் பதிவாகல. இதைப் போட்டோம்னா நம்ம மெய்யிழை எங்கியோ போயிடும்."

"விஜயாவ நிக்க வச்சு சொல்லச் சொல்லுங்க தம்பி. அவ முகந்தான் ராசி" என்று சொல்லிவிட்டு, மங்களாம்பிகை மகளுக்குக் கூறைப் புடவை கட்டிவிட உள்ளே போனாள்.