குரலில் சிரிப்பு

என் மனைவிக்கு வாய் ஜாஸ்தி. அந்த வாயைப் பார்த்துத்தான் கட்டிக்கொண்டேன். துணி துவைக்கும் மெஷின் விற்கிற கம்பெனியில், பழுதென்று போன் செய்பவர்களுக்குப் பதில் சொல்கிற வேலை அவளுக்கு. எவனாவது எகிறினால் இவளும் எகிறுவாள். வருடாந்திர மதிப்பீட்டில் வேலை சுத்தம், நடத்தைதான் மோசம் என்று போட்டுவிட்டார்கள். பெருமூச்சு விடுகிறாளாம், குரலில் சிரிப்பு இல்லையாம். அடுத்த முறையும் இப்படியென்றால் சீட்டு கிழிந்துவிடும்.

"வீட்லயே பழகிக்கிறேன். நீங்க கஸ்டமரா இருந்து என்னைத் திட்டுங்க" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து கிடைக்காத வாய்ப்பு. விடுவேனா? சமையல் மேடையில் சாய்ந்துகொண்டு தினமும் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவள் குறுக்கே பேசக் கூடாது. தலையைச் சற்றுச் சாய்த்து, என் குறையை எனக்கே திருப்பிச் சொல்லி, வருந்தி, கடைசியில் நன்றி சொல்ல வேண்டும். போனில் தலை யாருக்குத் தெரியப்போகிறது என்று கேட்டேன். சாய்த்தால்தான் குரல் குழையும் என்று சூப்பர்வைசர் சொன்னாராம். முதலில் இருவருமே பாதியில் சிரித்துவிடுவோம். போகப்போக நான் மட்டும் சிரித்தேன்.

நடத்தைக்கு முழு மதிப்பெண் வந்தது. பயிற்சியை நிறுத்தினோம். நான் நிறுத்தினேன் என்பதுதான் சரி. உப்பு இல்லை என்றால், "உப்பு இல்லைன்னு சொல்றீங்க, வருந்துறேன்" என்று தலை சாயும். வேண்டுமென்றே ஈரத்துண்டைப் படுக்கையில் போட்டேன். முன்பானால் வீட்டை ரெண்டாக்கியிருப்பாள். இப்போது எடுத்து மடித்துவிட்டு நன்றி சொன்னாள். குளிக்கும்போதும் கதவுக்குப் பின்னால் யாரிடமோ வருந்திக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு சண்டை போட மாட்டாளா என்று ஏங்கிப்போனேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் அண்ணன் போன் செய்தார். அவர் அழுவது எனக்கே கேட்டது. என் மாமியார் இறந்துவிட்டார். சாப்பிட உட்கார்ந்தவர் அப்படியே சரிந்துவிட்டாராம்.

இவள் தலையைச் சாய்த்தாள்.

"அம்மா தவறிட்டாங்கன்னு சொல்றீங்க. உங்க வருத்தம் புரியுது. தகவல் சொன்னதுக்கு நன்றி. வேற ஏதாவது உதவி வேணுமா?"

மறுமுனையில் அழுகை நின்றுவிட்டது. போனைப் பிடுங்கி, உடனே கிளம்பி வருகிறோம் என்று சொல்லி வைத்தேன். அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"உங்கம்மாடி. அழுடி."

"கண்டிப்பா. எப்ப அழணும்னு சொல்லுங்க."

இப்போதே என்றேன்.

அழுதாள். அம்மா அம்மா என்று தேம்பித் தேம்பி, மூக்கு ஒழுக அழுதாள். என் பழைய மனைவி திரும்பி வந்துவிட்டாள் என்று நினைத்துக் கட்டிக்கொண்டு நானும் அழுதேன். சட்டென்று நின்றது. என் தோளிலிருந்து முகத்தை எடுத்து, கண்ணீரைத் துடைக்காமலே என்னைப் பார்த்தாள்.

"சரியா இருந்துச்சாங்க?"

ரொம்ப நன்றாக இருந்தது என்று சொன்னேன். அவள் நன்றி சொன்னாள்.