அவர் எனக்குக் கலந்தது

"எப்படி இருக்கு, கிழவி?" என்று என் கணவர் நிகாந்த்ரோ கேட்டார்.

நான் போனில் கேஸ்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். வியாழக்கிழமை வருவதாகச் சொன்ன சிலிண்டர் ஞாயிறு மதியம் வரை வரவில்லை. அவர் நீட்டிய மண்குவளையில் பாதியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "நல்லாருக்கு, நல்லாருக்கு" என்று கையாட்டினேன். ருசி பார்க்கவில்லை.

மறுநாள் காலை, எங்கள் ஊர் அமாத்திதானுக்கு மேற்கே டெக்கிலாவுக்கான கற்றாழைக் காட்டில் இலை சீவிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. வயது ஐம்பத்தாறு.

முப்பது வருஷமாக ஞாயிறுதோறும் வீட்டில் அவர்தான் கலப்பார். டெக்கிலா, ஆரஞ்சுச் சாறு, எலுமிச்சை, உப்பு, மேலே பம்ப்ளிமாஸ் சோடா. நான் சமைப்பேன், கலக்கும் பக்கம் போகமாட்டேன். இப்போது எனக்கு வேண்டியது ஒன்றுதான். அந்தக் கடைசிக் குவளையை இன்னொரு தடவை, கவனித்துக் குடிக்க வேண்டும்.

அவருக்கான ஒன்பது நாள் ஜெபமாலை முடிந்து, அவரைக் கிடத்திய இடத்தில் இட்ட சுண்ணாம்புச் சிலுவையை வாரி எடுத்த மதியம், வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். அவருடைய அக்கா ஒப்துலியாவும் தம்பி ஃபிதென்சியோவும் மட்டும் அடுப்படியில் உட்கார்ந்திருந்தார்கள். குவளைகளைத் தண்ணீரில் ஊறப்போட்டு, எனக்குத் தெரிந்தவரை கலந்து மூன்று பேருக்கும் வைத்தேன். நான் குடித்ததில் எதுவும் பிடிபடவில்லை.

ஃபிதென்சியோ முகத்தைச் சுளித்தான். "அண்ணி, இது என்ன இருமல் மருந்தா? இப்படி இனிக்குது. அண்ணன் போட்டா உறைக்கும். விளிம்பு பூரா மிளகாய்ப்பொடி அப்பியிருக்கும்."

"மிளகாயா?" ஒப்துலியா கையை உதறினாள். "என் தம்பி ஒரு நாளும் மிளகாய் போட்டதில்ல. அவன் போட்டது சர்பத் மாதிரி வழுக்கிக்கிட்டு உள்ள போகும். ஆனா செம கிக்கு! எந்திரிக்கும்போதுதான் தெரியும்."

மறுபடி கலந்தேன். ஆரஞ்சு அதிகம் என்றான் ஃபிதென்சியோ. ஒப்துலியாவுக்கு இருமல் வந்துவிட்டது.

"எரியுதுடி! பாட்டிலையே கவுத்துட்டியா?"

"ரெண்டு ஸ்பூன்தான்க்கா ஊத்தினேன்."

நாலாவது தடவையும் சரிவராமல் கரண்டியைத் தொட்டிக்குள் வீசினேன். "ஒரே மேஜையில, ஒரே ஆள் கையால குடிச்சவங்கதானே ரெண்டு பேரும்? ஒருத்தர் சொல்றது இன்னொருத்தருக்கு ஒத்துவரலன்னா நான் எதைத்தான் செய்யிறது?"

ஃபிதென்சியோ குவளையைத் தள்ளி வைத்தான். "அக்கா, கோவிச்சுக்காத. உன் குவளையில அண்ணன் டெக்கிலாவே ஊத்தினதில்ல. நாலு வருஷமா. உனக்கு ரத்தக்கொதிப்புன்னு டாக்டர் சொன்னதுலேர்ந்து."

"பொய்! போன பொறந்தநாளுக்கு நான் நாற்காலியிலேர்ந்து விழுந்தேனே!"

"அது நாற்காலியோட தப்பு."

 ஒப்துலியா சால்வை முனையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "திருட்டுப் பய" என்றாள்.

அப்படியானால் ஆளுக்கு ஒரு விதமாகக் கலந்திருக்கிறார்.

"என் குவளையில என்ன போடுவாரு?" என்று ஃபிதென்சியோவைக் கேட்டேன்.

"அது தெரியலயே, அண்ணி. எங்களுக்குக் குடுத்துட்டுக் கடைசியாத்தான் உனக்குப் பண்ணுவாரு. அந்நேரம் நாங்க சாப்பாட்டுல இருப்போம். குடிச்சவ நீ, உனக்குத் தெரியாதா?"

தெரியவில்லை. வாராவாரம் அவர் கேட்டார். வாராவாரம் அதே பதிலைச் சொல்லி அனுப்பினேன்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை இருவரும் வருகிறார்கள். ஒப்துலியாவுடையது முதல் வாரமே சரியாக வந்துவிட்டது. "செம கிக்கு" என்கிறாள், என் முகத்தைப் பார்க்காமல். அவர்கள் போனதும் எனக்குக் கலக்கிறேன். ஆரஞ்சைக் குறைத்துப் பார்த்தேன். உப்பைக் கூட்டினேன். பட்டை போட்டேன், ஊறுகாய்த் தண்ணீர் ஊற்றினேன். சில நேரம் முதல் மடக்கில் கிட்டே வந்துவிட்டது போலிருக்கும்; அடுத்த மடக்கில் இல்லை என்றாகிவிடும். எதோடு ஒப்பிடுவது என்றே தெரியாமல் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். கோபம் வருகிறது. பாதிக் குவளையைத் தொட்டியில் கொட்டுகிறேன்.

அவர்களுக்கு ஊற்றியதிலேயே ஒரு பாட்டில் தீர்ந்துவிடுவதால், அந்த ஒரு குவளைக்காகப் புதிதாக ஒரு பாட்டில் சோடா திறக்க வேண்டியிருக்கிறது. எவ்வளவு இறுக்கி மூடினாலும் மறுநாள் காலைக்குள் வாயு போய்விடுகிறது. முன்பும் திங்கட்கிழமைதோறும், எனக்கென்று அவர் திறந்த பாட்டில் முக்கால்வாசி மிச்சத்தோடு அப்படித்தான் கிடக்கும்.